மூன்றாவது கேள்வி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கி இருபது வருடமாகிறது. உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் ஒப்புக்கொள்ளாமல் நான் கத்தியைத் தொட முடியாது. நோயாளி பதில் எழுதி அவர்கள் வழியாக வரும் கேள்வித்தாளில் அவர்கள் கையெழுத்தை மட்டும் பார்ப்பேன், ஒருநாளும் படித்ததில்லை.

நேற்று ஒரு பெண்ணின் தாளில் மனநல ஆலோசகர் கையெழுத்துப் போடவில்லை. சண்டைக்குப் போனேன்.

"முதல்ல மூணாவது கேள்வியைப் படிங்க சார்," என்றார்.

'உங்கள் உடம்பை முதலில் கேலி செய்தவர் யார்?' அந்தப் பெண் எழுதியிருந்தது ஒரே சொல்: 'அண்ணன்'.

உனக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்து வீட்டையே சிரிக்க வைத்தது நான்தானே.

இன்றும் என் வீட்டுக்கு வந்தால், "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேண்ணா," என்கிறாய். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. பசியோடு வா.

உன் அண்ணன்