மூன்றணு வளையம்

ஜூன் 10, செவ்வாய்
இரண்டாம் ஆண்டு வேதியியல் பிள்ளைகளுக்குச் சிறு கார்பன் வளையங்கள் நடத்தினேன். கார்பனின் பிணைப்புகள் நூற்றொன்பதரை பாகை விரிந்திருந்தால் அமைதியாக இருக்கும். மூன்று கார்பனை வளையமாக்கினால் அறுபதுக்குள் நெருக்க வேண்டும். அந்த இறுக்கத்தால் வளையம் எப்போது திறப்போம் என்றே இருக்கும். "ஆறு கார்பன் வளையத்துக்கு ஏன் மேடம் இந்தத் தொல்லை இல்ல?" என்றாள் கலைமதி. அது மடங்கி வசதியாக அமர்ந்துகொள்கிறது என்றேன். நல்ல வகுப்பு.

ஜூன் 12
கணவர் சோஹைல் ஒற்றைச் செருப்போடு வந்தார். கழன்றதே தெரியவில்லையாம். பாதம் மரத்துப் பல நாளாகிறதாம். ஏன் சொல்லவில்லை?

ஜூன் 15, ஞாயிறு
சோஹைலுக்கு, சிரிஞ்சுகளை வாயுவால் கிருமிநீக்கம் செய்யும் கம்பெனியில் வேலை. அங்கே என்ன வாயு என்று இன்றுதான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் இன்றுதான்!
"எத்திலீன் ஆக்சைடு."
இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன். அதே மூன்றணு வளையம், அதே இறுக்கம். கிருமிக்குள் போய் வளையம் திறந்து ஒட்டிக்கொள்ளும், கிருமி சாகும். மனித செல்லை மட்டும் விட்டுவிடுமா?
"வாசன வருமாங்க?"
"வாயு ரூம் கதவத் தொறக்கறப்ப இனிப்பா வரும்."
வாசனை தெரிந்தாலே அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் 16
அந்த வேலை வேண்டாம் என்றேன். சண்டை. "வூட்டுல பாடம் நடத்தாத. எல்லாருந்தான் வேல செய்யறாங்க, யாரு செத்தா?" சாப்பிடாமலே படுத்துவிட்டார். நான் என்ன செய்ய — தெரிந்தும் சும்மா இருக்கணுமா?

ஜூன் 21
தர்மபுரியில் அவருக்கு நரம்புப் பரிசோதனை. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. "அந்த வாயு பக்கமே போகாதீங்க. விலகிட்டா தேற வாய்ப்பிருக்கு" என்றார் டாக்டர். ஊர் திரும்பிக் காரிமங்கலத்தில் பஸ் இறங்கியதும் சோஹைல், "முருகேஷுக்கும் கால் இப்பிடித்தான் இருக்குது" என்றார். முருகேஷ் அவரோடு ஒரே ஷிப்ட்.

ஜூன் 24
வாயு அறைக் கதவின் கசிவைச் சரிசெய்யச் சொன்னாராம் சோஹைல். "இஷ்டமில்லைன்னா நின்னுக்கோ" என்றானாம் சூப்பர்வைசர். வேலையிலிருந்து நின்றுவிட்டார். எனக்கு நிம்மதி. அவருக்கு இல்லை.

ஜூன் 29, ஞாயிறு
கூட வேலை செய்தவர்களை வீட்டுக்கு அழைத்துவந்தார். "ஹுமேரா, பாடம் நடத்து" என்றார்! முக்கோணம் வரைந்து சொன்னேன். பேக்கிங்கில் இருக்கும் அன்ஜும் — நிறைமாதம் — கேட்டாள்: "ஏற்கெனவே ஒட்டிக்கிட்டது கழண்டுருமாக்கா?"
"தெரியலம்மா."


ஜூன் 30
இன்று கம்பெனியில் யாரும் வேலைக்கு உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே எடுத்த போட்டோவை முருகேஷ் அனுப்பினார். அன்ஜும் நாற்காலியில். பக்கத்தில், வேலையை விட்டுவிட்ட என் சோஹைலும் நிற்கிறார்.