நீ கேட்டு நின்ற லாரிகள்

நேற்று அல் கூஸ் சிக்னலில் எங்கள் காருக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டு லாரி வந்து நின்றது. வெயிலில் காய்ந்த புழுக்கை நெடி. மகன் கண்ணாடியை ஏற்றச் சொன்னான். எனக்கு உன் நினைவு வந்தது. நீ ஊரில் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எழுபதுகளில் இந்த வளைகுடா ஊரின் நகராட்சியில் நீ கால்நடை மருத்துவர், நான் உணவு ஆய்வாளர். இருவருமே திருநெல்வேலிக்காரர்கள். கப்பலில் வரும் ஆடுகள் இரண்டு நாள் கொட்டகை நிழலில் நின்று, தண்ணீர் குடித்து, உன் சோதனை முடிந்த பிறகே அறுப்புக்கூடம் போக வேண்டும். நம் எமிரேட்டில் மட்டும் இருந்த விதி அது. நீ மன்றாடி வாங்கியது.

எமிரேட்டுகள் ஒரே நாடாகச் சேர்ந்து சில ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. ஒரு துறைமுகத்தில் வாங்கிய சான்றிதழ் எங்கும் செல்லும். ஓர் ஊரில் கழித்த சரக்கை வேறெங்கும் விற்க முடியாது. எந்த ஊரும் கூடுதல் நிபந்தனை போடக் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. நான் கழித்த கெட்ட டின் மீன் பக்கத்து எமிரேட்டில் விற்பது அந்தச் சட்டத்தால்தான் நின்றது.

"ஒரே நாடா ஆயாச்சுல்லா. சட்டமும் ஒண்ணாத்தான இருக்கணும்?" என்றேன்.

"இருக்கட்டும்ல. இதுக்குக் கொறையக் கூடாதுன்னு சொல்லட்டும். இதுக்கு மேல செய்யக் கூடாதுன்னு எதுக்குல சொல்லுதாங்க?"

நான் டின் மீனைப் பற்றியே திரும்பச் சொன்னேன்.

பெருநாளுக்கு முந்தைய வாரம் வேறு துறைமுகத்திலிருந்து லாரிகள் வந்தன. ஆடுகள் நாக்கு தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. தடுத்தால் உன் வேலை போய்விடும். மனைவியும் குழந்தையும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ உதறிவிட்டு, லாரிகளோடு வந்திருந்த ஆடுகளின் சொந்தக்காரரான பம்பாய் வியாபாரியிடம் போனாய்.

"காகஸ் சப் டீக் ஹை, டாக்டர். கலாஸ்," என்றார் அவர். காகிதமெல்லாம் சரி, அவ்வளவுதான் என்று.

நீ உன் அரைகுறை இந்தியில் சொன்னாய்: நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, பாய். தண்ணீர் காட்டிவிட்டுப் போங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டிரைவர்களுக்குக் கை காட்டினார். ஆடுகள் தொட்டியில் முகம் புதைத்தன. மூக்கு ஒழுகியவற்றை நீ காட்ட, அவரே ஒதுக்கி நிறுத்தினார்.

சட்டம் மாறவில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். நீ வேலையை விட்டு ஊருக்குப் போனாய். அதன் பிறகும் அந்த வியாபாரியின் லாரிகள் நின்று தண்ணீர் காட்டிவிட்டே போயின. மற்றவர்களுடையவை நிற்கவில்லை.

ஒருவரிடம் போய்க் கேட்பது எனக்கு எப்போதும் கூச்சம். அதிகாரம் இருந்தால் உத்தரவு போடுவேன், இல்லாவிட்டால் ஒதுங்கிவிடுவேன். உன்னைப் பார்த்த பிறகு அப்படி ஒதுங்க முடியவில்லை. இப்போதும், வெயிலில் காத்து நிற்கும் டெலிவரி ஆட்களை உள்ளே உட்கார விடுங்கள் என்று ஓட்டல் முதலாளிகளிடம் கேட்கிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.