வலைகளுக்கு நடுவே உன் கூடை

என் உயிரான அம்மாவுக்கு,

நீ இல்லாத முதல் பொங்கலும் கழிந்தது. போன ஞாயிறு, மீன்பிடித்த இராயப்பரையும் அவர் தம்பியையும் ஆண்டவர் முதல் சீடர்களாக அழைத்த சுவிசேஷம். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டுவிட்டு, வழியெல்லாம் நீ கேட்டாயே, நினைவிருக்கிறதா? "இராயப்பரும் தம்பியும் வலைய கடாசிட்டு பூட்டாங்க, சரி. அன்னிக்கி கரையில கெடந்த மீன யாரு வித்தது?" அப்பா, "கோயில் விசயத்துல பேஜாரு பண்ணாத" என்றார். நீ எங்கே விட்டாய்.

அந்தச் சுவிசேஷ ஞாயிறன்று நம் கோயில் வழக்கம் நீ அறிந்ததுதான். வருஷத்தில் இறந்துபோன கடல்காரர்களின் வலைகளைப் பீடத்தின் முன் வைப்பார்கள். உபதேசியார் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, சனங்கள் நித்திய இளைப்பாற்றி செபம் சொல்வார்கள். அப்பா போனபோது அவருக்கும் சொன்னோம். உனக்கு ஏது வலை? போன ஞாயிறு உன் மீன்கூடையைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எடுத்துப்போனேன்.

வாசலிலேயே உபதேசியார் மறித்தார்.

"இன்னாம்மா, கோயிலா மார்க்கெட்டா? வலை மட்டும்தான்."

"எங்கம்மாவுதுங்க. அதுவும் கடல் சோறுதானே?"

"சீடருங்க வலை வீசுனாங்க. கூடையா தூக்குனாங்க?"

"ஐயாயிரம் பேரு துன்னது போக மிஞ்சுன அப்பத்த எதுல வாரினாங்களாம்? பன்னெண்டு கூடையிலதானே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கூடையை என் கையிலிருந்து பிடுங்கி, வெளியே செருப்புகளோடு வைத்தார்.

அம்மா, எனக்குப் பூசையில் மனம் நிற்கவில்லை. வலைக்காரர் பெயரெல்லாம் வாசித்து முடித்து அவர் தாளை மடிக்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். "சவரியம்மாள்" என்று உரக்கச் சொன்னேன்.

பெயர் காதில் விழுந்ததும், பழக்கதோஷம், கோயில் முழுக்க நித்திய இளைப்பாற்றி செபத்தைத் தொடங்கிவிட்டது. உபதேசியாரும் பாதி செபம் சொன்ன பிறகுதான் வாயை மூடினார். அதற்குள், சந்தையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து விற்பாரே அந்தோணியம்மா அக்கா, வெளியே போய், உன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவழியாக வந்தார். வலைகளுக்கு நடுவில் இறக்கினார். சாமியார் கூடையைப் பார்த்தார். பிறகு தீர்த்தத்தை எல்லாவற்றின் மேலும் தெளித்தார்.

இப்போது கோயில் பங்குக் கமிட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. பூசையில் குறுக்கே பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் மாதர் சபையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். "ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடு ரோசா, நமக்கு ஏன் வம்பு" என்கிறார் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்கிறவர்கள் கேலி பேசுகிறார்களாம்.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். மீன் படாத நாட்களில் அப்பா வலைக்கு நூல் யார் கைக்காசில் வந்தது என்று எனக்கா தெரியாது? சுவிசேஷத்தை நானும் எழுத்துக்கூட்டி, முழுதாகப் படித்திருக்கிறேன். உன் பெயரைச் சொன்னது பாவம் என்று அதில் எங்கே இருக்கிறது?

கமிட்டிக்குப் போவேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். பெயரை எடுத்தால் எடுக்கட்டும். இனி நம் கரையில் எந்த மீன்காரி கண்ணை மூடினாலும் அவள் பெயரைக் கோயிலில் நான் சொல்வேன். நான் போன பிறகு சொல்ல, உன் பேத்திக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
ரோசம்மா
இராயபுரம்