பாப்பாவின் மொட்டை

ஆடி கடைசி வெள்ளி, ராத்திரி

முத்துக்குட்டி, நீ செத்துப்போன ஈரம்கூட இன்னும் காயவில்லை. அதற்குள் உன் மேல் கோபப்படுகிறேன்.

நான் பிழைத்து வந்து பெற்ற சின்னவனுக்கு, உன் வருசத் திவசம் முடிந்து வரும் தையில் காது குத்தலாம் என்று பேசினோம். தாய்மாமன் நீ இல்லையே, யார் மடியில் உட்கார வைப்பது என்று அழுதேன். நாத்தனார் தேற்றினாள்.

"அழுவாதீக மதினி. மூத்தவளுக்குப் பெத்த தாயே இல்லாமத்தான திருச்சுழிக் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துனோம்? உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா ஒரு வருசம் விசேசம் வைக்க முடியாதுன்னு உங்க தம்பிதான அவசரப்படுத்துனாக."

பிள்ளைகளின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று கேன்சர் வார்டில் முடி கொட்டிக் கிடந்தேன். நீ பாப்பாவைத் தூக்கி வந்தாய். "அக்கா, ஒனக்குத் துணைக்கு ஓம் மகளும் மொட்டை போட்டுக்கிட்டா பாரு. கடையில காதும் குத்தியாச்சு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அத்தனை ஊசியையும் தாங்கினேன். நான் பிழைக்க மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டு வந்து சிரித்திருக்கிறாய்.

பாப்பாவுக்கு எதுவும் நினைவில்லையாம். உன்னைத்தான் கேட்க வேண்டும். உன் மடியில் வைத்துக் குத்தும்போது, அம்மா எங்கே என்று கேட்டாளாடா?