நீல மீனும் மெயின் சுவிட்சும்

ஜூலை 15, செவ்வாய்

காற்று. கூரைத் தகரம் ஓயவில்லை. தம்பி சேகர் பண்டாரவளையிலிருந்து மகள் பிரியாவோடு வந்தான். மீன் தொட்டியை என் மேசையில் வைத்துவிட்டுக் கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரம் நான் காவல். முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் எதைக் கேட்டான், இதைக் கேட்க.

விரல் நீள மீன். நீல உடம்பு, மஞ்சள் வால். கடற்கரைப் பாறை இடுக்குகளில் வாழ்வதாம். ஒரு கல்லைத் தனதாக்கிக்கொண்டு, விரல் வைத்தால் கொத்துகிறது.

"உங்கள மாதிரியே இருக்கு அண்ணே. கல்ல விட்டு நகராது, வர்றவன் போறவன எல்லாம் கொத்தும்."

சேகர் சொல்லிச் சிரித்தான். பிரியாவும் சிரித்தாள். போகும்போது அவள் சொன்னது: ஹீட்டர், காற்று மோட்டார் இரண்டும் நிற்கவே கூடாது. "அப்புத்தளைக் குளிர் அதுக்கு ஆகாது பெரியப்பா."

ஜூலை 17, வியாழன்

பனிமூட்டம். மேன்முறையீட்டுக்காகப் பதுளை. பள்ளிக்கூட அதிபர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது.

கதவைப் பூட்டுமுன் மெயின் சுவிட்சை இறக்கினேன். தேயிலைத் தோட்ட லயத்து வரிசை அறைகளில் வளர்ந்த கை. ஓர் அறையில் வயர் எரிந்தால் வரிசையே போகும் என்று அம்மா பழக்கியது.

ரயில் தெமோதரையில் நின்றபோது மீன் நினைவு. பக்கத்துக் கடை நிஸாமிடம் என் வீட்டுச் சாவி ஒன்று, நல்ல காலத்தில் கொடுத்தது. ஒரு போன் கோல் போதும். நடுமதில் சண்டைக்குப் பின் எங்களுக்குள் பேச்சில்லை. போனை எடுத்தேன். பைக்குள் போட்டேன். "உங்கள மாதிரியே" காதில் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மாலை. நிஸாம் கடையில் விளக்கு. என் வீடு இருட்டு. தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி. மீன் கல்லருகே சாய்ந்து கிடந்தது. விரல் வைத்தேன். கொத்தவில்லை.

ஜூலை 18, வெள்ளி

லேசான வெயில். பிரியாவின் போன் கோல். "மீன் செத்துருச்சும்மா. நேத்து கரண்ட் போயிருச்சு." அழுதாள். பிறகு என்னைத் தேற்றினாள்: "நீங்க என்ன பண்ணுவீங்க பெரியப்பா." அடுத்த கோலை எடுக்கவில்லை. அதற்கடுத்ததையும்.

கதவு தட்டல். நிஸாம். கையில் போன், ஸ்பீக்கரில் பிரியா. நான் எடுக்காததால் சேகரிடம் நம்பர் வாங்கி அவருக்கு அடித்திருக்கிறாள்.

"மாமா, பெரியப்பா அழுறாரா? நேத்து அங்க ரொம்ப நேரம் கரண்ட் இல்லையா?"

நேற்று முழுக்க அவர் கடை பிரிட்ஜ் ஓடியிருக்கும். என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"ஓ மகள், காலையிலேயே போச்சு. உங்க பெரியப்பா சேர் பதுளையில. சாவி என்கிட்டதானே, நான் வந்து பாத்திருக்கணும். மறந்துட்டேன்."

"ஏன் மாமா மறந்தீங்க?" பிரியாவின் குரல் மாறிவிட்டது.

அவர் மதில் பக்கம் பார்த்தார். நான் மெயின் சுவிட்சைப் பார்த்தேன்.