ஓடைக்கரையில் புதைத்த கரி

அன்பு மகள் முருகேஸ்வரிக்கு, உன் அப்பா சொல்லி எழுதுவது. கள்ளபிரான் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், புனேயில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த மார்கழியில்தான் நம் ஓடைக்கரை வயலுக்கும் வெள்ளத்துரை வீட்டு வயலுக்கும் எல்லை போட்டார்கள், எனக்கு அப்போது பத்து வயது. கல்லை மட்டும் நட்டால் எவனாவது பெயர்த்துவிடுவான் என்று அடியில் ஒரு பானைக் கரியைக் கொட்டிப் புதைத்தார்கள், கரி மக்காது. போன பெருவெள்ளம் கல்லைக் கொண்டுபோய்விட்டது, கரி அங்கேதான் கிடக்கிறது. அந்த வயல் உன் பெயரில் இருக்கிறது, இப்போது அதன்மேல் எல்லாருக்கும் பாசம் வந்திருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. நீர்நாய் அருகிவிட்டதாம், ஓடைக்கரையை உழாமல் விட்டு, நாணலும் நீர்மருதும் வைத்து, ஒரு குட்டையும் வெட்டினால் குட்டி போட்டுப் பெருகுமாம். நிலம் நம்முடையதாகவே இருக்குமாம், உன் சம்மதம் மட்டும் வேண்டுமாம். நீர்நாய்மேல் எனக்குக் கோபமில்லை, மீனைத் தின்றுவிட்டுத் தன்போக்கில் போகிற சீவன். அவர்களைக் கூட்டிவந்தது வெள்ளத்துரை, அதுதான் உறுத்துகிறது. வரப்பில் என் மாடு வாய்வைத்தாலே ஊரைக் கூட்டுகிறவன், இப்போது எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "நீங்க ஏன் அண்ணாச்சி அலையுதிய, குட்டை எங்கன வெட்டணும்னு நான் காட்டுதேன்" என்கிறான். அவன் காட்டுவது சரியாகக் கரி கிடக்கிற இடம். ஜேசிபி ஒரு வாய் அள்ளினால் எல்லை போச்சு, பிறகு அவன் நினைத்த இடத்தில் கல் நடலாம். உன் அம்மாவோ, "நீர்நாய் வந்து பட்டா கேக்கவா போவுது, ஒமக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று என்னையே ஏசுகிறாள்.

இதை எழுதுகிறவளும் அந்தக் கூட்டத்துப் பிள்ளைதான், சாயர்புரத்து ஜெபசுதா. வேறு ஆள் அகப்படவில்லை. கரி என்றதும் பேனாவை நிறுத்தி, "அப்படின்னா அங்கன தோண்ட மாட்டோம் தாத்தா, மேல்பக்கம் வெட்டிக்கிடலாம்" என்றாள். அதையும் எழுது என்றேன். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது, இருந்தாலும் உறையை ஒட்டுவதற்கு முன் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன், இதையும் அவளே சிரித்துக்கொண்டு எழுதுகிறாள்.

வெள்ளத்துரை போனில் பேசினால் சரி என்று சொல்லிவிடாதே. பொங்கல்வரை தள்ளாமல் சீக்கிரம் வா, கரியைத் தோண்டிப் பார்த்துக் கல்லை நட்ட பிறகு சம்மதம் கொடு, நீர்நாய் அதுவரை பொறுக்கும். குடும்பத்தோடு குறைவில்லாமல் இரு.

இப்படிக்கு, உன் அப்பா அய்யாக்குட்டி, கைநாட்டு.

மறந்துவிட்டேன். கரி புதைத்ததற்கு என் சாட்சி எடுபடாது, நான் வயல்காரன். நின்றவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அடுப்புக்கரியைப் பானையில் அள்ளிவந்து தன் கையால் கொட்டிய புதுப்பெண் ஒருத்தி மட்டும் இருக்கிறாள், நினைவும் தெளிவாக. வெள்ளத்துரையைப் பெற்றவள், பேச்சித்தாய்.