ஒன்றரை சென்டிமீட்டர்

இன்று பத்திரிகை அலுவலக கேன்டீனில் சமையற்காரர் சூப்புக்காகச் சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். ஈரச் சுண்ணாம்பு போன்ற மங்கிய மணம். எனக்கு அது உன் வாய் மணம், தங்கச்சி.

ஆவடி குவார்ட்டர்ஸில் அம்மா அந்த மாவை வேகவைக்காமல் நாலு மணி நேரத்துக்கொரு தரம் உனக்குக் கொடுப்பாள். உன் ஈரல், சேர்த்து வைத்த சர்க்கரையைத் திருப்பித் தராது. மெல்லச் செரிக்கும் மாவுதான் அந்த இடத்தை நிரப்பியது. அம்மா அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள் என்பதையும் டாக்டர் கேட்டுக் குறித்துக்கொண்டார். எட்டு வயதில் உனக்கு நாலு வயதுப் பிள்ளையின் உயரம். உப்பிய கன்னம், முன்தள்ளிய வயிறு.

"இன்னாடி, வயித்துல பூசணிக்காயா?" என்றான் எதிர் பிளாக் பையன்.

"உனுக்கு மண்டையில கீது, எனுக்கு வயித்துல கீது. போடா."

"உயரத்தை மாசாமாசம் எழுதிட்டு வாங்க. வளர்ச்சி நின்னா மாவு பத்தலைன்னு அர்த்தம், கூட்டணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் உன்னைக் கூட்டிப்போவோம். இடையில் அப்பா நோட்டை மட்டும் காட்டிவிட்டு வருவார். தொழிற்சாலையில் அவருக்கு உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. உன்னையும் அப்படித்தான் அளந்தார்: குதிகால் கதவு நிலையில் ஒட்டியிருக்க வேண்டும், தலைமேல் மூலைமட்டம், கூர்சீவிய பென்சிலால் ஒரு கோடு. "அளக்கறவன் கை ஆசைப்படக் கூடாது" என்பார்.

அந்த ஜூனில் அவருக்கு ஓவர்டைம் தொடங்கியது. அளக்கும் வேலை பதினாலு வயதுக்காரியான என்னிடம் வந்தது.

"யக்கா, போன மாசத்துக் கோட்டுலயே கீதா?"

"ஆமாடி."

"அரை சென்டி ஏத்திப் போடுக்கா. இல்லன்னா அப்பா மூஞ்சி தொங்கிடும்."

போட்டேன். ஜூலையில் இன்னொரு அரை, ஆகஸ்டில் இன்னொன்று. நோட்டைப் பார்த்த டாக்டர் 'அதே அளவு தொடரவும்' என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலை அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பிளாக்கைச் சுற்றிவந்தார். தோளிலிருந்து நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

செப்டம்பரில் காய்ச்சல். குடித்த மாவெல்லாம் வாந்தியாக வந்தது. காலையில் ஆட்டோவில் ஏற்றினோம், நீ அம்பத்தூர் தாண்டவில்லை. காய்ச்சலும் வாந்தியும் சர்க்கரையை இறக்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். நோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மாவைக் கூட்டியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத முடியும்.

சிறுபிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் நம் வழக்கம். குழி வெட்டுகிறவர் வாசலில் நின்று கேட்டார்: "கொயந்த எவ்ளோ நீளம், நைனா?"

அளக்காமல் எதையும் சொல்லிப் பழகாதவர் அப்பா. உள்ளே போய் உன் உடம்பை ஒட்டி எஃகு டேப்பைப் பிடித்தார். பிறகு நிலையில் இருந்த கடைசிக் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

சாகும்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் போன பிறகு, பெட்டியில் அந்த நோட்டு இருந்தது. என் மூன்று வரிகளை அவர் அடிக்கவில்லை. அவற்றின் கீழே, தொழிற்சாலையில் போடும் அதே சுருக்கக் கையெழுத்துடன், 101.5. அவரே கடைசியாக அளந்த மே மாதத்து வரியிலும் அதே எண்தான்.

முப்பது வருஷமாகச் செய்தியில் வரும் ஒவ்வொரு எண்ணையும் இரண்டுமுறை சரிபார்க்கிறேன். கவனமானவள் என்கிறார்கள். நீ கண்ணடித்தது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்றுதான் அந்த நோட்டைப் பார்க்கும்வரை நினைத்திருந்தேன்.